மிஸியிடம் கேளுங்கள்: ஒரு வீட்டில் இரண்டு உலை எதற்கு?

வன்னி ஆஸ்பத்திரிகளில் நெடுங்காலம் வேலை செய்து ஓய்வுபெற்ற தாதி ஒருவர், சலரோகம் என்கிற சீனி வருத்தம் பற்றி வாசகர்கள் அனுப்பும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறார்.

இந்த முறை வந்த கடிதங்களில், வருத்தக்காரர் தானே எழுதியது ஒன்றே ஒன்றுதான். அதைக் கடைசியில் வைத்திருக்கிறேன். மற்றதெல்லாம் மகள், மகன், கணவர், தம்பி, மருமகன் எழுதியவை. எனக்கு அது சந்தோசம். கிளினிக்கில் ஒரு ஆளுக்குக் கிடைப்பது மாதத்தில் சில நிமிடம். கொப்பியைப் பார்த்து, பிரஷர் பார்த்து, குளிசை எழுதி அனுப்பிவிடுவார்கள். மிச்ச வைத்தியம் முழுக்க வீட்டில்தான் நடக்கிறது, அல்லது நடக்காமல் கிடக்கிறது.

அப்பாவுக்கு 58 வயது, வயல் செய்கிறார். ஆறு வருடமாகச் சீனி. அம்மா அவருக்குத் தனியாகக் குரக்கன் புட்டு அவித்துவிட்டு எங்களுக்கு வெள்ளை மாப் புட்டு அவிக்கிறார். அப்பா அதைத் தொடமாட்டார். சந்திக் கடைக்குப் போய்ச் சீனி போட்ட தேத்தண்ணியும் வாய்ப்பனும் சாப்பிட்டுவிட்டு வருகிறார். கனடாவில் இருக்கும் அண்ணா ஞாயிறு தவறாமல் வீடியோவில் வந்து ஏசுவார். அண்ணா அனுப்பிய மீற்றரில் வெறுவயிற்றில் 11, 12 என்று வருகிறது. "ஆஸ்பத்திரியில் 200 என்றார்கள், இதில் 12தான், நல்லாக் குறைந்துவிட்டது" என்கிறார் அப்பா. எப்படித் திருத்துவது? — மகள், விசுவமடு

முதலில் மீற்றர். பிள்ளை, அப்பாவுக்கு ஒன்றும் குறையவில்லை. கனடாவிலும் லண்டனிலும் சீனியை அளக்கும் அலகு வேறு, எங்கள் ஆஸ்பத்திரிகளில் எழுதும் அலகு வேறு. அந்த மீற்றர் காட்டுகிற எண்ணைப் 18ஆல் பெருக்குங்கள். 11 என்றால் 198, 12 என்றால் 216. வெறுவயிற்றில் 80க்கும் 130க்கும் இடையில் நிற்பதுதான் பொதுவாக வைக்கிற இலக்கு. அண்ணாவின் மீற்றரில் அது 4.4 முதல் 7.2 வரை. சாப்பிட்டு இரண்டு மணித்தியாலத்தில் 10ஐத் தாண்டக்கூடாது, அதாவது எங்கள் கணக்கில் 180. இந்த எண்களை ஒரு துண்டில் எழுதி மீற்றர் பெட்டியின் மூடிக்குள் ஒட்டிவிடுங்கள். வெளிநாட்டு மீற்றர் இருக்கிற எத்தனையோ வீடுகளில் இதே குழப்பம். இன்னொன்று, அந்த மீற்றருக்குரிய ஸ்ட்ரிப் இங்கே கடையில் கிடைக்கிறதா என்று பெட்டி முடிய முன்னமே விசாரியுங்கள். கிடைக்காவிட்டால், ஏச்சைக் குறைத்து ஸ்ட்ரிப்பை அனுப்பும்படி நான் சொன்னதாக அண்ணாவிடம் சொல்லுங்கள். வெறுவயிற்றில் 200க்குக் கிட்ட நிற்கிறது என்றால் அடுத்த கிளினிக் திகதி மட்டும் காத்திருக்கவும் வேண்டாம். கொப்பியையும் மீற்றரையும் எடுத்துக்கொண்டு முதலே போய்க் காட்டுங்கள்.

சரி, இனி அடுப்படிக்கு வருவோம். ஒரு வீட்டில் இரண்டு உலை வைப்பது எனக்குப் பிடிக்காத பழக்கம். தனிச் சட்டி, தனிப் புட்டு என்று வைத்தால், எல்லாரும் ஆசையாகச் சாப்பிடும்போது அந்த ஆள் மட்டும் தண்டனைச் சாப்பாடு சாப்பிடுகிறார். ஆறு வருடம் அப்படிச் சாப்பிட்டால் யாருக்கும் சந்திக் கடைப் பக்கம் கால் போகும். அம்மாவுக்கும் இரட்டை வேலை. சிவப்பு அரிசி மா பாதி, குரக்கன் மா பாதி போட்டு எல்லாருக்குமாக ஒரே புட்டு அவியுங்கள். அதோடு அவித்த பயறோ கௌப்பியோ, ஒரு கீரைச் சுண்டலோ, மீன் குழம்போ இருக்கட்டும். குரக்கன் மருந்து இல்லை. அதுவும் மாச்சத்துத்தான், இரண்டு குழல் சாப்பிட்டால் இரண்டு குழலுக்கும் கணக்கு உண்டு. அப்பாவுக்கு மட்டும் குரக்கனைக் குவித்து வைத்துவிட்டு "இது சீனிக்கு நல்லது, சாப்பிடுங்கோ" என்று சொல்கிற வீடுகளும் இருக்கின்றன.

மதியச் சாப்பாட்டுக்கு அளவுகோல் இதுதான்: கோப்பையில் பாதி மரக்கறியும் கீரையும், கால்வாசி சோறு, கால்வாசி மீன் அல்லது முட்டை அல்லது பருப்பு. சோற்றோடு மரவள்ளிக் கறியும் உருளைக்கிழங்குப் பிரட்டலும் வைத்தால் மூன்றும் சோற்றுக் கணக்கில்தான் சேரும். அப்பா ஆட்டக்காரி நெல் விதைக்கிறவராக இருந்தால் ஒன்று கேட்கிறேன். தவிடு போகாத சிவப்பு அரிசியை மூட்டையோடு வியாபாரிக்குக் கொடுத்துவிட்டு, கடையில் தீட்டின வெள்ளை அரிசி வாங்கிச் சமைக்கிற வீடா உங்கள் வீடும்? அப்படியென்றால் வருகிற காலபோகத்தில் வீட்டுக்கு வேண்டிய மூட்டையை முதலில் ஒதுக்கிவிட்டு மிச்சத்தை விற்கச் சொல்லுங்கள்.

வயல்காரருக்கு இன்னொரு விசயம் உண்டு. விதைப்பு, களை, அரிவு என்று உடம்பு ஓடுகிற நாட்களில் சீனி ஒரு மாதிரி நிற்கும். அரிவு முடிந்து ஆள் திண்ணையில் இருக்கத் தொடங்கினால் அதே சாப்பாட்டுக்கு ஏறிவிடும். அந்த மாதங்களில் பின்னேரம் குளக்கட்டுப் பக்கம் நடக்க அவரைத் தனியே அனுப்பாதீர்கள், யாராவது கூடப் போங்கள். ஒரு நாளைக்கு அரை மணித்தியாலம் என்று கிழமையில் ஐந்து நாள் போதும்.

சந்திக் கடைக்கு அவர் போவது தேத்தண்ணிக்காக மட்டும் என்று நான் நினைக்கவில்லை. நெல் விலை, குளத்துத் தண்ணி, யானை வந்த கதை எல்லாம் அங்கேதான் கிடைக்கும். கடைக்குப் போவதை மறிக்க வேண்டாம். "சீனி இல்லாமல் ஒரு பிளேன்டீ" என்று அவர் வாயாலேயே சொல்லட்டும். நீங்கள் கடைக்காரருக்குப் போன் போட்டுச் சொல்லிவைத்தால் நாலு பேர் முன்னால் அவருக்கு அவமானம். பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடித்தால் பரவாயில்லை என்று யாரும் சொன்னால் நம்ப வேண்டாம். வாய்ப்பனுக்குக் கிழமையில் ஒரு நாளை அவரே குறிக்கட்டும். மற்ற நாளில் வறுத்த கச்சான் ஒரு கைபிடி போதும். முறிகண்டிக் கோயிலடியால் யார் வந்தாலும் ஒரு சரை கச்சான் கொண்டுவராமலா விடப் போகிறார்கள்?

ஏச்சைப் பற்றியும் சொல்லவேண்டும். ஏசினால் ஆள் சாப்பாட்டை விடுவதில்லை, ஒளித்துச் சாப்பிடப் பழகுவார். மீற்றரைக் குத்தினவுடனே "எவ்வளவு? எவ்வளவு?" என்று நாலு பேர் சுற்றி நின்றால், குத்துவதையே விட்டுவிடுவார். எண்ணை அவரே பார்த்து அவரே கொப்பியில் எழுதட்டும். கூடி வந்த நாளில் "நேற்று என்ன வித்தியாசமாக இருந்தது?" என்று மட்டும் கேளுங்கள். அண்ணாவிடமும் சொல்லுங்கள், ஞாயிற்றுக்கிழமைக் கதையை வயலில் இருந்து தொடங்கச் சொல்லி. சீனிக் கதை அப்பா எடுத்தால் வரட்டும்.

உங்கள் வயது எழுதவில்லை. தாய் தகப்பனுக்குச் சலரோகம் இருந்தால் பிள்ளைகளுக்கும் வரக்கூடிய வாய்ப்புக் கூட. 35 வயது தாண்டியவர்களை அரச ஆஸ்பத்திரிகளில் இலவசமாகவே சோதிக்கிறார்கள். அப்பாவை அடுத்த முறை கூட்டிக்கொண்டு போகும்போது நீங்களும் வெறுவயிற்றோடு போங்கள். அந்த ஒற்றை உலை உங்களுக்கும் சேர்த்துத்தான்.

அம்மாவுக்கு 64. கிளிக்லசைட்டும் மெட்போர்மினும் பாவிக்கிறார். கந்தசஷ்டி ஆறு நாளும் இளநீர், பால், பழத்தோடு இருப்பார். போன வருடம் மூன்றாம் நாள் வேர்த்து, நடுங்கி, வாய் குழறி, கோயில் மண்டபத்தில் சரிந்துவிட்டார். "முருகன் சோதிக்கிறான்" என்கிறார். இந்த வருடம் எப்படித் தடுப்பது? — மகன், முள்ளியவளை

தடுக்கப் போகாதீர்கள் தம்பி. தடுத்தால் உங்களுக்குத் தெரியாமல் இருப்பார், அது இன்னும் ஆபத்து.

அன்றைக்கு நடந்தது சீனி இறங்கிப்போனது. கிளிக்லசைட் சாப்பாடு வந்ததா இல்லையா என்று பார்த்துக்கொண்டிராது, தன் பாட்டில் சீனியை இறக்கிக்கொண்டே போகும். மெட்போர்மின் தனியே அப்படி இறக்குவது அரிது. அதனால் ஐப்பசிக்கு ஒரு மாதம் இருக்கும்போதே கிளினிக் டொக்டரிடம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய், விரதத்தை ஒளிக்காமல் சொல்லுங்கள். எந்தக் குளிசையை அந்த ஆறு நாளும் குறைப்பது, எதை நிறுத்துவது என்று அவர் சொல்வார். நீங்களாகக் குறைக்க வேண்டாம். ஒருநேரம் சோறு சாப்பிட்டுச் சஷ்டி இருப்பவர்கள் எங்கள் ஊர்களில் எவ்வளவோ பேர், அம்மாவுக்கு அந்த வழி ஒத்துவரும். அதையும் நீங்கள் சொல்வதைவிட அம்மா மதிக்கிற குருக்களோ பெரியம்மாவோ சொன்னால் எடுபடும். நீங்களும் கூட இருந்து பாருங்களேன், ஒருநேரச் சாப்பாட்டை இரண்டு பேரும் ஒன்றாகச் சாப்பிடலாம்.

வேர்வை, நடுக்கம், நெஞ்சு படபடப்பு, காரணமில்லாத கோபம், வாய் குழறல் எல்லாம் இறங்குவதற்கு அடையாளம். மீற்றரில் 70க்குக் கீழே (வெளிநாட்டு மீற்றர் என்றால் 3.9க்குக் கீழே) என்றால் சந்தேகமே இல்லை. மீற்றர் கையில் இல்லாவிட்டால் தேடிக்கொண்டு நிற்காமல், மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணியில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடத்தில் தெளியாவிட்டால் இன்னொரு முறை கொடுங்கள். தெளிந்த பிறகு சோறோ பாணோ சாப்பிட வேண்டும், அன்றைய விரதம் அதோடு முடிந்தது. கிளிக்லசைட்டில் இறங்கினது திரும்பவும் இறங்கும், ஆகவே ஆஸ்பத்திரியில் காட்டாமல் படுக்கவிட வேண்டாம். மயங்கிவிட்டால் வாய்க்குள் ஒன்றும் ஊற்றக்கூடாது, புரைக்கேறிவிடும். ஒருக்களித்துப் படுக்கவைத்துவிட்டு 1990க்கு அடியுங்கள், அம்புலன்ஸ் வரும், காசு இல்லை. கோயிலில் அம்மாவோடு கூட இருக்கிற பெண்கள் இரண்டு பேருக்காவது இதைச் சொல்லிவையுங்கள். நீங்கள் மண்டபத்துக்கு வெளியிலே நிற்கும்போதுதான் இது நடக்கும்.

மனைவிக்கு 46 வயது. பத்து வருடம் குளிசை. போன கிளினிக்கில் கலப்பு இன்சுலின் எழுதிவிட்டார்கள், காலையும் இரவும். "ஊசி தொடங்கினால் கதை முடிஞ்சுது, பிறகு காலை வெட்டுவாங்கள்" என்று அவளுடைய அக்கா சொல்லிவிட்டார். மருந்துப் புட்டி தொடாமல் கிடக்கிறது. வீட்டில் பிரிட்ஜும் இல்லை. நான் மேசன் வேலை, விடியப் போனால் பொழுதுபடத்தான் வருவேன். நான் என்ன செய்யலாம்? — கணவர், மல்லாவி

"நான் என்ன செய்யலாம்" என்று கேட்கிற கணவரின் கடிதம் எனக்கு அடிக்கடி வருவதில்லை. ஆகவே கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

கிளினிக் வாங்கில் நான் கண்டது இதுதான். ஐயாவுக்குச் சீனி என்றால் அம்மா கொப்பியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருப்பார். எந்தக் குளிசை எத்தனை நேரம், போன மாதம் எவ்வளவு என்று டொக்டர் கேட்க, ஐயா திரும்பி அம்மாவைப் பார்ப்பார். அம்மாவுக்குச் சீனி என்றால் அவர் தனியே வருவார். விடிய எழும்பிச் சமைத்து வைத்துவிட்டு, திரும்புகிற பஸ்ஸை நினைத்துக்கொண்டே இருப்பார். வீட்டில் எல்லாரும் சாப்பிட்ட பிறகு, நேரம் தப்பி, சட்டியில் மிஞ்சினதை வழித்துச் சாப்பிடுகிறவரும் அவர்தான். குளிசை போட்டுவிட்டு இரண்டு மணித்தியாலம் சாப்பிடாமல் வேலை செய்வதும் அவர்தான். ஆண்களின் சீனியைப் பார்க்க மனைவி இருக்கிறார், மனைவியின் சீனியைப் பார்க்க ஆள் இல்லை. உங்கள் வீட்டில் அப்படி இல்லை என்று இந்தக் கடிதம் சொல்கிறது.

அக்கா சொன்னதற்குப் பதில்: டைப் 2 என்கிற இந்த வகைச் சலரோகத்தில் கணையம் வருடக்கணக்கில் களைத்துக்கொண்டு போகும். குளிசையால் தள்ளமுடிகிற மட்டும் தள்ளுவார்கள். பிறகு குறைகிற இன்சுலினை வெளியே இருந்து கொடுப்பார்கள். மனைவியின் பிழையால் வந்தது என்று நினைக்க வேண்டாம். ஊசி போட்ட பிறகு கால் எடுத்தவர்களை அக்கா கண்டிருப்பார், உண்மைதான். அவர்களில் பலர் பயந்து பயந்து ஊசியைத் தள்ளிப்போட்டவர்கள். காலைக் கெடுத்தது அதற்கு முன்னான வருடங்களில் ஏறிக் கிடந்த சீனி. அக்காவோடு சண்டை பிடிக்காமல், அடுத்த கிளினிக்குக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். டொக்டரிடம் அவரே கேட்கட்டும்.

நேரம் உங்களுக்குத் தோதாகத்தான் அமைந்திருக்கிறது. காலை ஊசி வேலைக்குப் போக முன்னம், இரவு ஊசி நீங்கள் வந்த பிறகு. இரண்டுக்கும் வீட்டில் நிற்பீர்கள். ஊசி போட்டு அரை மணித்தியாலத்துக்குள் அவர் சாப்பிட வேண்டும். "உங்களுக்குப் பார்சல் கட்டிவிட்டுச் சாப்பிடுகிறேன்" என்பார், விடாதீர்கள். பார்சலை நீங்கள் கட்டுங்கள்.

போடுகிற விதத்தைக் கிளினிக் தாதியிடம் இரண்டு பேரும் ஒன்றாகப் போய்ப் பழகுங்கள். நான் இங்கே எழுதுவது பிறகு ஞாபகப்படுத்திப் பார்க்க. கலப்பு இன்சுலின் புட்டியின் அடியில் வெள்ளையாகப் படிந்திருக்கும். குலுக்காமல் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து மெதுவாக உருட்டுங்கள், பால் மாதிரி ஒரே நிறமாக வரும் வரைக்கும். கட்டி கட்டியாக நின்றாலோ கண்ணாடியில் பொரி மாதிரி ஒட்டினாலோ அந்தப் புட்டி வேண்டாம். சிரிஞ்சின் கோட்டைக் கண் மட்டத்துக்கு உயர்த்திப் பாருங்கள், மட்டம் பார்ப்பதை மேசனுக்கு நான் சொல்லித்தரத் தேவையில்லை. தொப்புளில் இருந்து இரண்டு விரல் விட்டு வயிற்றில் போடலாம், அல்லது தொடையின் வெளிப்பக்கம். அழுத்தி முடித்து, பத்து எண்ணிவிட்டு இழுங்கள். நாளுக்கு நாள் இடத்தை மாற்றுங்கள். ஒரே இடத்தில் போட்டால் தோலுக்குக் கீழே தடித்து மருந்து ஒழுங்காகச் சேராது. பாவித்த ஊசியை மூடியுள்ள தடித்த பிளாஸ்டிக் போத்தலில் சேர்த்து, எங்கே கொடுப்பது என்று கிளினிக்கில் கேளுங்கள். குப்பைக் கிடங்கில் போட்டால் யாராவது பிள்ளைக்குக் குத்தும்.

முதல் சில கிழமை நீங்கள் போட்டுவிடுங்கள். பிறகு அவரே போடட்டும், நீங்கள் பக்கத்தில் இருங்கள். தூரத்தில் வேலை வந்து நீங்கள் தங்க நேர்ந்தால் மருந்து நிற்கக்கூடாது.

பிரிட்ஜ் கதைக்கு வருவோம். திறக்காத புட்டிகளுக்கு 2 முதல் 8 பாகை செல்சியஸ் வேண்டும். நம்பிக்கையான அயல் வீட்டுப் பிரிட்ஜிலோ, பக்கத்து ஆஸ்பத்திரியிலோ வைத்து, ஒவ்வொன்றாக எடுக்க முடியுமா என்று கேளுங்கள். ஐஸ் பெட்டிக்குள்ளும் அதற்கு ஒட்டியும் வைக்க வேண்டாம், உறைந்த இன்சுலின் பிறகு உதவாது. திறந்த புட்டியை 30 பாகைக்கு மேலே போகாமல் சுமார் 28 நாள் பாவிக்கலாம். திறந்த திகதியைப் புட்டியிலேயே எழுதுங்கள். எங்கள் வெயிலுக்குத் தகரக் கூரை வீட்டுத் தட்டு 30 பாகையில் நிற்குமா? நிற்காது. ஆகவே மண்பானை. மினுக்கம் பூசாத பானையின் அடியில் மணல் பரப்பி, மணல் ஈரமாக இருக்கத் தண்ணி தெளித்து, புட்டியை இறுக்கமாக மூடுகிற சின்னப் போத்தலுக்குள் போட்டு மேலே வையுங்கள். ஈரச் சீலையால் வாயை மூடி, வெயில் படாத, காற்றுப் படுகிற மூலையில் வையுங்கள். பானைச் சுவரால் ஈரம் ஆவியாகப் போகும்போது உள்ளே குளிரும். காலையும் மாலையும் ஈரம் பார்க்கிற வேலையைப் பிள்ளைகளிடம் கொடுங்கள்.

இரவில் மனைவி வேர்த்து நனைந்தாலோ, நித்திரையில் பிதற்றினாலோ, முள்ளியவளைத் தம்பிக்கு மேலே எழுதினதைச் செய்யுங்கள். படுக்கைப் பக்கத்தில் ஒரு சின்னப் போத்தலில் சீனி எப்போதும் இருக்கட்டும்.

அண்ணாவுக்கு 51. யுத்தத்தில் இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. செயற்கைக் கால் போட்டு ஓட்டோ ஓடுகிறார். மூன்று வருடமாகச் சீனி. மற்றக் காலை யாருக்கும் காட்டமாட்டார். அண்ணி கேட்டால் சண்டை. — தம்பி, கிளிநொச்சி

ஒரு காலைப் பற்றி ஊரே கேட்டு, பார்த்து, பரிதாபப்பட்டு முடிந்த ஆள் அவர். மிச்சக் காலையும் நீட்டிக் காட்டு என்றால் கோபம் வராமல் என்ன செய்யும்? அண்ணியைக் கொஞ்ச நாளைக்கு இதில் இருந்து விலக்கிவிடுங்கள். நீங்களும் "காட்டுங்கோ" என்று கேட்காமல், சாமானை அவர் கையில் கொடுங்கள்.

ஒரு கண்ணாடி வேண்டும். ஓட்டோவின் பழைய பக்கக் கண்ணாடி கிடந்தால் அதுவே போதும். இரவு ஓட்டம் முடிந்து கால் கழுவித் துடைத்த பிறகு, கட்டிலில் இருந்துகொண்டு கண்ணாடியை நிலத்தில் வைத்து, போன் லைட்டைப் பிடித்து உள்ளங்காலைப் பார்க்கட்டும். முதலில் குதி வெடிப்பின் விளிம்பு. அடுத்தது விரல் இடுக்கு, அங்கே தோல் வெளுத்து ஊறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு நகத்தின் ஓரம். முள் ஏறின புள்ளி, கொப்புளம், செருப்பு வார் அழுத்தின சிவப்பு என்று எது இருந்தாலும் கவனிக்க வேண்டும். வலி இல்லையே என்று விடக்கூடாது, சீனியால் நரம்பு மரத்த காலில் ஆணி ஏறினாலும் வலிக்காது. மற்றவர்களுக்கு நாங்கள் சொல்லிக்கொடுப்பது, ஒரு காலின் சூட்டையும் நிறத்தையும் மற்றக் காலோடு ஒப்பிட்டுப் பார் என்று. அண்ணாவுக்கு அந்த வழி இல்லை. அதனால் ஒவ்வொரு நாளும் பார்த்து, நேற்றைய காலோடு இன்றைய காலை ஒப்பிட வேண்டும். சூட்டைப் புறங்கையால் தொட்டுப் பார்க்கலாம். லைட் பிடிக்க நீங்கள் ஒரு நாள் நின்றால் போதும், பிறகு அவரே செய்வார்.

புண் கண்டால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. காய்ச்சின எண்ணெய், மஞ்சள், சுண்ணாம்பு ஒன்றும் வேண்டாம். ஆணிக்கால் இருந்தால் பிளேட்டால் சீவக்கூடாது. ரப்பர்ச் செருப்பை விட்டுவிட்டுப் பின்வார் உள்ள செருப்பு வாங்கிக் கொடுங்கள், போட முன் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். கோயிலுக்கு விடியப் போகட்டும். உச்சி வெயிலில் வீதி மணலில் வெறுங்காலோடு நிற்பது அவருக்குக் கூடாது. வருடத்தில் ஒரு தடவை கிளினிக்கில் மெல்லிய நைலோன் இழையால் பாதத்தைத் தொட்டு உணர்ச்சி பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்காவிட்டால் கூட்டத்தில் விடுபட்டுப்போகும்.

வெட்டின காலையும் மறக்க வேண்டாம். செயற்கைக் காலைக் கழற்றினதும் வருகிற சிவப்பு கொஞ்ச நேரத்தில் மறைய வேண்டும். மறையாமல் நின்றால், வெட்டின கால் பொருந்துகிற கிண்ணம் அழுத்துகிறது. ஆள் மெலிந்தாலும் கொழுத்தாலும் அளவு மாறிவிடும், உறையை மடித்துத் திணித்துச் சமாளிப்பார்கள். யாழ்ப்பாணத்தில் செயற்கைக் கால் செய்கிற ஜெய்ப்பூர் நிலையத்தில் காட்டினால் அளவு பார்ப்பார்கள். ஒரு நாள் ஓட்டம் போகும் என்று தள்ளிப்போடுவார். அந்த நாளைக்கு ஓட்டோவை நீங்கள் ஓடிக் காசைக் கையில் கொடுத்தால் போவார்.

மாமா காட்டுத் தேனும் பனங்கட்டியும் இயற்கை, அதனால் சீனி ஏறாது என்கிறார். பாகற்காய்ச் சாறு குடித்துக்கொண்டு குளிசையையும் விட்டுவிட்டார். சரியா? — மருமகன், ஒட்டுசுட்டான்

சரியில்லை. தேனும் ஏற்றும், பனங்கட்டியும் ஏற்றும். பாலைப்பழக் காலத்தில் மடி நிறையப் பாலைப்பழம் சாப்பிட்டாலும் ஏறும். பாகற்காயைக் கறியாகத் தாராளமாகச் சாப்பிடட்டும், ஆனால் குளிசைக்குப் பதிலாக இல்லை. மாமாவை இந்தக் கிழமையே கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். வழியில் வாக்குவாதம் வேண்டாம், மூன்று மாதச் சராசரியைக் காட்டுகிற ரத்தச் சோதனைக்கு (HbA1c) எழுதச் சொல்லுங்கள். அதில் 7 வீதத்துக்குள் நிற்பது பெரும்பாலானவர்களுக்கு இலக்கு. எண்ணைக் கண்டால் மாமா தானே கதைப்பார்.

எனக்கு 63. வீட்டில் நான் மட்டும். கணவரும் மூத்த மகனும் 2009 யுத்தத்தில் போய்விட்டார்கள், மகள் பிரான்சில். "குடும்பத்தார் பார்த்துக்கொள்ள வேண்டும்" என்று கிளினிக்கில் சொல்கிறார்கள். குடும்பம் இல்லாதவர் என்ன செய்வது? சில இரவு நித்திரையே இல்லை, அடுத்த நாள் சீனி ஏறி நிற்கும். — வாசகி, புதுக்குடியிருப்பு

அக்கா, அந்த வசனத்தைச் சொல்லிச் சொல்லி எங்களுக்கு வாய் பழகிவிட்டது. முன்னால் இருக்கிறவருக்கு வீட்டில் யார் மிஞ்சியிருக்கிறார்கள் என்று கேட்டுவிட்டுத்தான் சொல்ல வேண்டும்.

நீங்கள் கவனித்தது சரி. நித்திரை கெட்டால், மனம் வெந்தால், உடம்பில் சுரக்கிற சுரப்புகள் சீனியை ஏற்றும். உங்கள் சாப்பாட்டில் மட்டும் பிழை தேட வேண்டாம். நித்திரை இல்லாததைக் கிளினிக் டொக்டரிடம் தனியாகச் சொல்லுங்கள். மாவட்ட ஆஸ்பத்திரிகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. அங்கே அனுப்பினால் "எனக்கென்ன பைத்தியமா" என்று திரும்பி வராதீர்கள்.

வீட்டு வேலையை வெளியாட்களிடம் பிரித்துக் கொடுக்கலாம். உங்கள் ஒழுங்கையில் சீனியோடு இன்னும் இரண்டு மூன்று பேராவது இருப்பார்கள். ஒரே கிளினிக் நாளுக்கு வருகிறவர்களாகப் பார்த்துச் சேர்ந்து போங்கள். ஒருவர் கொப்பி வைக்க, ஒருவர் குளிசை வரிசையில் நிற்கலாம். மாதர் சங்கக் கூட்டத்தில் நீங்களே வாய் திறந்து கேளுங்கள், ஆள் சேரும். காலையில் உங்கள் வாசல் கூட்டின சத்தம் கேட்காவிட்டால் வந்து தட்டும்படி பக்கத்து வீட்டில் சொல்லிவையுங்கள். அவர்களிடம் ஒரு திறப்பும் இருக்கட்டும். தனியாளுக்கு உலை வைக்கப் பஞ்சிப்பட்டு இரவில் பிளேன்டீயும் பிஸ்கட்டும் சாப்பிட்டுவிட்டுப் படுக்கிறீர்கள் என்று நினைக்கிறேன், உங்கள் வயதில் தனியே இருக்கிற முக்கால்வாசிப் பேர் அப்படித்தான். பக்கத்து வீட்டோடு முறை வைத்துச் சமைத்தால் இரண்டு வீட்டுக்கும் ஒரு உலை மிச்சம். மகளிடம் காசு கேட்கத் தயங்கினால், தினமும் இரவு ஒரு நேரத்துக்குப் போன் எடுக்கச் சொல்லுங்கள். ஊசியோ குளிசையோ போட்டுவிட்டுச் சாப்பிட்டாச்சா என்று கேட்க ஒரு ஆள்.

கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் உங்கள் பெயருக்குக் கீழே பக்கத்து வீட்டுப் போன் நம்பரையும், பாவிக்கிற குளிசைகளின் பெயரையும் பெரிதாக எழுதுங்கள். வீதியில் விழுந்தால் தூக்குகிறவர் முதலில் திறப்பது அதைத்தான்.

கடிதம் அனுப்புகிற எல்லாருக்கும் ஒரு விசயம். குளிசையின் பெயரைப் பெட்டியைப் பார்த்து எழுதி அனுப்புங்கள். "காலையில் ஒரு வெள்ளைக் குளிசை, இரவில் இரண்டு வெள்ளைக் குளிசை" என்று எழுதினால் நான் என்ன செய்ய? மருந்துக் கடையில் பாதிக் குளிசை வெள்ளைதான்.